நெப்போலியன் காலப் படை ரீஎனாக்ட்மென்ட் குழுவில் சேர: துப்பாக்கியை முதலில் வாங்கலாமா?

தேம்ஸ்கரை

வணக்கம். ரெடிங் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறேன். இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. நெப்போலியன் காலப் போர்களை நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றில் காலாட்படைச் சிப்பாயாகச் சேர விருப்பம். பிரிட்டிஷ் பக்கமா, பிரெஞ்சுப் பக்கமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தியாவில் செய்த பிரவுன் பெஸ் மஸ்கெட் (அக்காலப் பிரிட்டிஷ் படையின் நீளத் துப்பாக்கி) ஒன்று இணையத்தில் மலிவாகக் கண்ணில் பட்டது. அதை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு குழு தேடலாமா? சான்றிதழ் என்னென்ன வேண்டும்? உடுப்புக்கு எவ்வளவு ஆகும்? மூக்குக்கண்ணாடியும் தாடியும் தடையா? இன்னொன்றையும் நேராகவே கேட்டுவிடுகிறேன்: 1815-ம் ஆண்டு பிரிட்டிஷ் வரிசையில் தமிழ் முகம் ஒன்று நின்றால் பொருந்தவில்லை என்று ஒதுக்குவார்களா?

முன்வரிசை

வணக்கம் தேம்ஸ்கரை. மஸ்கெட்டை இப்போது வாங்க வேண்டாம். குழு முதலில், காலணி அடுத்து, உடுப்பு அதற்குப் பிறகு, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் கடைசி. காரணம் எளிது. நீங்கள் எந்தப் படைப்பிரிவு, எந்த வருடம் என்பதைக் குழுதான் தீர்மானிக்கிறது. அது தெரியாமல் வாங்கும் பொருளில் பாதி வீணாகும். பிரிட்டிஷ் காலாட்படையின் தொப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1812-க்கு முன் உருளை வடிவ ஸ்டவ்பைப் ஷாக்கோ. அதன்பின் முன்பக்கம் உயர்ந்து நிற்கும் பெல்ஜிக் ஷாக்கோ. ரைஃபிள் படையும் இலகு காலாட்படையும் மட்டும் பழையதையே தொடர்ந்தன. ஸ்பெயின் போர்களைச் செய்யும் குழுவுக்குப் பெல்ஜிக்கோடு போனால் வரிசையில் நிறுத்த மாட்டார்கள்.

பிரிட்டனில் பெரும்பாலான குழுக்கள் 1975-ல் தொடங்கிய நெப்போலியனிக் அசோசியேஷனின் கீழ் வரும். அவர்கள் தளத்தில் குழுக்களின் பட்டியல் இருக்கும். 33-வது ரெஜிமென்ட், 68-வது டர்ஹாம் இலகு காலாட்படை, பச்சை உடுப்பு 95-வது ரைஃபிள்ஸ், பிரெஞ்சுப் பக்கம் 21-வது லைன் என்று வகைவகையாக உண்டு. படைப்பிரிவின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பயிற்சி நடக்கும் இடம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். குளிர்காலத்தில் மாதம் ஒரு டிரில், கோடையில் வாரக்கடைசி முகாம்கள். மூன்று மணி நேரம் கார் ஓட்டித்தான் போக வேண்டும் என்றால் இரண்டாவது சீசனில் ஆர்வம் வற்றிவிடும்.

மின்னஞ்சல் எழுதிவிட்டு ஒரு டிரில் நாளுக்குச் சாதாரண உடையில் போய்ப் பாருங்கள். அங்கே கேட்க வேண்டியவை: புதியவருக்குக் கடன் உடுப்பு இருக்கிறதா, எத்தனை நிகழ்ச்சி வரை கொடுப்பார்கள், பொதுப் பொறுப்புக் காப்பீடு சந்தாவில் அடங்குமா, சுடுவதற்கு முன் பாதுகாப்புத் தேர்வு வைக்கிறார்களா. கடைசிக் கேள்விக்குத் தோளைக் குலுக்கினால் அந்தக் குழு வேண்டாம்.

முகத்தைப் பற்றிய கேள்விக்கு: ஒதுக்க மாட்டார்கள், ஒதுக்க வரலாற்றிலும் நியாயமில்லை. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் ரோஸ் என்ற கறுப்பினத்தவர் 73-வது ரெஜிமென்டில் சிப்பாயாக வாட்டர்லூவில் போரிட்டுக் காயம்பட்டார். பிற்பாடு 42-வது ஹைலாண்டர்ஸில் சார்ஜென்ட் ஆனார். 29-வது ரெஜிமென்டில் 1759 முதல் பல பத்தாண்டுகள் கறுப்பினத்தவரே முரசு அடித்தார்கள். பார்வையாளர் யாராவது கேட்டால் இவற்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

தாடி மட்டும் சிக்கல்தான். பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய் முகம் மழித்திருப்பார். காதோரக் கிருதா வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக் கிரனடியர் என்றால் மீசை கட்டாயம் போலத்தான். மூக்குக்கண்ணாடிக்கு வட்டக் கம்பிச் சட்டம் வாங்கி உங்கள் பவர் போட்டுக்கொள்ளலாம், அல்லது கான்டாக்ட் லென்ஸ். லென்ஸ் போடுபவர் புகையில் கண் எரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கருமருந்து

சட்டப் பக்கத்தை நான் எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸுக்குப் பொருந்தும்.

உள்ளே வரி (சுழல் பள்ளம்) இல்லாத, 24 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள மஸ்கெட் ஷாட்கன் சான்றிதழின் கீழ் வரும். 95-வது படையின் துப்பாக்கியான பேக்கர் ரைஃபிளின் குழலில் வரி வெட்டியிருப்பதால் அதற்கு ஃபயர்ஆர்ம் சான்றிதழ் வேண்டும். அது இன்னும் கடினம். அதனால்தான் 95-வது குழுக்களில் பலர் வரியில்லாத குழல் போட்ட பேக்கர் நகலை வைத்திருக்கிறார்கள். கருமருந்தை வாங்கவும் வீட்டில் வைக்கவும் தனியாக வெடிமருந்துச் சான்றிதழ் தேவை. இரண்டுக்கும் விண்ணப்பிப்பது உங்கள் பகுதிப் போலீஸிடம். சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஒரே வீட்டுச் சோதனையில் முடியும்.

வேண்டியவை: உங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) தரும் மருத்துவத் தகவல், உங்களைக் குறைந்தது இரண்டு வருடமாகத் தெரிந்த உறவினரல்லாத பரிந்துரையாளர்கள், குழுவின் உறுப்பினர் கடிதம். கடிதம் இருந்தால் அதிகாரிக்கு உங்கள் காரணம் உடனே விளங்கும். பல மாதம் ஆகலாம் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். ஷாட்கன் சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். அது கையில் இருந்தால் இன்னொருவர் மஸ்கெட்டை 72 மணி நேரம் வரை இரவல் வாங்கலாம். ஒரு வாரக்கடைசி நிகழ்ச்சிக்கு இது போதும். முதல் வருடம் சொந்தத் துப்பாக்கியே தேவைப்படாது.

வாடகை வீடு என்றீர்கள். இரும்பு அலமாரியைச் சுவரில் போல்ட் அடிக்க வேண்டும், வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அலமாரி வாங்கும்போது உள் உயரத்தை அளந்து வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண அலமாரி நவீன ஷாட்கன்னுக்கு அளவெடுத்தது. பிரவுன் பெஸ்ஸின் ஒரு வகையான இந்தியா பேட்டர்ன் மஸ்கெட் மொத்தம் 55 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 140 செ.மீ. பிரெஞ்சு 1777 சார்ல்வில் 150 செ.மீ.யைத் தாண்டும். கதவு மூடாது என்று தெரிந்த பிறகு அலமாரியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. சாவி இருக்கும் இடம் சான்றிதழ் இல்லாத யாருக்கும், மனைவிக்குக்கூட, தெரியக் கூடாது.

கருமருந்து இரும்பு அலமாரிக்குள் போகக் கூடாது. தடித்த பிளைவுட்டில் அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டிதான் வழக்கம். ஓர் அறைக்கு ஒரு டப்பா. வீடு தீப்பற்றினால் மரப்பெட்டியில் மருந்து எரிந்து போகும். இறுக்கமான இரும்புக்குள் அடைபட்டால் வெடிக்கும்.

இந்தியத் தயாரிப்பைப் பற்றி. அவற்றில் பல நன்றாகவே உழைக்கும். ஆனால் பற்றவைக்கும் துளை போடாமல் அலங்காரப் பொருளாக அனுப்பப்படுபவை உண்டு. அதை வீட்டில் டிரில்லால் துளைத்துச் சுடுவது தற்கொலைக்குச் சமம். செல்லுபடியாகும் பிரூஃப் முத்திரை (குழல் தாங்குமா என்று சோதித்த அடையாளம்) இல்லாத துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம். ஆகவே லண்டன் அல்லது பர்மிங்ஹாம் பிரூஃப் ஹவுஸ் சோதித்து முத்திரை குத்தியதை மட்டும், பதிவு பெற்ற வியாபாரியிடம், சான்றிதழ் வந்த பின் வாங்குங்கள். ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் ஃபிரிஸன், அதாவது சக்கிமுக்கிக் கல் உரசும் எஃகுத் தகடு. மலிவான நகல்களில் இது சரியாகக் கடினப்படுத்தப்பட்டிருக்காது. ஓரத்தில் சிறு அரத்தை லேசாக இழுங்கள். அரம் வழுக்கினால் நல்லது. பற்றிச் சுரண்டினால் மிருது. அந்தத் தகட்டில் எந்தக் கல்லைப் போட்டாலும் பொறி வராது, அதை மறுபடி கடினப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

கல் ஆங்கிலக் கறுப்பு நிறம் போதும். சஃபோக்கில் உள்ள பிராண்டன் ஊர்தான் அன்று பிரிட்டிஷ் படைக்குக் கல் கொடுத்தது. தட்டையாக அடித்த ஈயத் தகட்டில் சுற்றி, துப்பாக்கிச் சுத்தியலின் தாடையில் (கல்லைப் பிடிக்கும் இடுக்கியில்) இறுக்குங்கள். சுத்தியல் பாதி இழுத்த நிலையில் கல்லின் முனை ஃபிரிஸனைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். முனை நேராக, முழு அகலத்துக்கும் ஒரே சமயத்தில் உரச வேண்டும். ஒரு மூலை மட்டும் உரசினால் பத்துச் சுடுதலில் கல் உடையும்.

பட்டன்துளை

உடுப்புக்கு வருகிறேன். துணி சுத்தமான கம்பளியாக இருக்க வேண்டும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து ஆளின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் பொறி கம்பளியில் விழுந்தால் கருகி அணையும். பாலியெஸ்டர் கலந்த துணியில் விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். துணிக்கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி தீயும் நாற்றம் வந்து, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. நுனியில் கெட்டியான மணி உருண்டால் கலப்படம்.

பிரிட்டிஷ் சிப்பாயின் கோட்டு மஞ்சிட்டிச் சாயச் சிவப்பு, சற்று மங்கல். பளீரென்ற ஸ்கார்லெட் அதிகாரிகளுக்கு. மலிவு இணையக் கடைகள் எல்லாருக்கும் பளீர் சிவப்பையே தைத்துவிடுகின்றன. கழுத்துப்பட்டை, கைமடிப்பின் நிறமும் பட்டன் சுற்றிய லேஸின் வடிவமும் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும். அதனால் குழுவின் தையல்காரரிடம் மாதிரி வெட்டுத்தாள் வாங்காமல் கத்தரியை எடுக்காதீர்கள். உள்ளே முழங்கால் நெருங்கும் நீளமுள்ள லினன் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, கறுப்பு கெய்ட்டர் (கணுக்கால் உறை), கழுத்தில் தோல் ஸ்டாக் (கழுத்துப் பட்டி). கோட்டு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது சரி, ஆனால் அளவெடுக்கும்போது மஸ்கெட்டைத் தோளில் வைக்கும் நிலையில் கையை உயர்த்திப் பாருங்கள். அக்குள் வெட்டு தாழ்வாக இருந்தால் கையைத் தூக்கும்போது கோட்டு முழுக்க மேலே ஏறும், தையல் முதல் நாளே பிரியும்.

காலணிதான் பலருடைய சீசனைக் கெடுப்பது. அக்காலத்துக் காலணிக்கு இடது வலது கிடையாது. ஒரே நேர் அச்சு. தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் சில வாரம் போட்டுப் பழக்கிய பிறகு முகாமுக்குக் கொண்டுபோங்கள். அடியில் ஆணி அடித்தது புல்லில் பிடிக்கும், தார்ச்சாலையிலும் கல்படியிலும் வழுக்கும்.

செலவு: துப்பாக்கி தவிர்த்தே எல்லாம் புதிதாக வாங்கினால் ஆயிரம் பவுண்டை நெருங்கும். துப்பாக்கியும் அலமாரியும் சேர்ந்தால் இரண்டாயிரம் பக்கம் போகலாம். பழைய உறுப்பினர்கள் விற்கும் தோட்டாப் பை, பெல்ட், தோள்மூட்டை எல்லாம் குழுவுக்குள்ளேயே சுற்றும். தோல் சாமான்களை அப்படியே வாங்குங்கள், பழகிய தோல் புதியதைவிட மேல்.

உடுப்பில் ஏன் இத்தனை கறார் என்று தோன்றினால் வேலூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 எழுச்சிக்குப் பெரிய காரணம் சிப்பாய்களுக்குத் திணித்த புதுத் தலைப்பாகையும் அதில் வைத்த தோல் குஞ்சமும். அன்று கோட்டையில் இருந்த வெள்ளைக்காரப் படை 69-வது ரெஜிமென்ட். அதே ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன்தான் 1815 ஜூன் 16-ல் பெல்ஜியத்தின் கத்ரு பிராவில் பிரெஞ்சுக் குயிராசியர்களிடம் (மார்புக்கவசக் குதிரைப்படையினரிடம்) கொடியை இழந்தது. அந்தக் காலச் சிப்பாய்க்கு உடுப்பு ஒரு மானப் பிரச்சினை.

தேம்ஸ்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. மஸ்கெட் எண்ணத்தை நிறுத்தி வைத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். தோட்டா நாமே சுருட்டுவதா? ஒரு நாளைக்கு எவ்வளவு மருந்து தேவைப்படும்? பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்தால் புதியவருக்கு எளிது என்று வேறொருவர் சொன்னார், உண்மையா?

ஈகிள்கொடி

எளிது என்பதை நான் ஒப்பமாட்டேன். பிரெஞ்சுக் குழுக்களில் கட்டளை பிரெஞ்சில்தான், இங்கிலாந்தில் நடந்தாலும். "அப்ரெத்தே வோ ஸார்ம், ஜூ, ஃபூ" (ஆயத்தம், குறிவை, சுடு) என்று வரிசையாகக் காதில் விழும்போது தயங்காமல் கை போக வேண்டும். டிரில் 1791 ஆகஸ்ட் 1 ஒழுங்குமுறைப்படி, மூன்று வரிசை. பிரிட்டிஷ் பக்கம் இரண்டு வரிசை. பிரிட்டிஷ் நடை சாதாரணத்தில் நிமிடத்துக்கு 75 காலடி, விரைவு நடையில் 108. பிரெஞ்சுப் பக்கத்தின் நிஜமான சலுகை உடுப்பில் இருக்கிறது: கோட்டுக்குப் பதில் முரட்டுக் கபோத் மேலங்கி ஒன்று இருந்தால் 1813, 1814 போர்களுக்குப் போய்விடலாம். அதைத் தைப்பதும் எளிது. இரு பக்கத்தின் டிரில்லையும் ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கருமருந்து

தோட்டா நாமேதான் சுருட்டுவது. வெடிமருந்துச் சான்றிதழ் உள்ளவர் மட்டும். நிகழ்ச்சித் தோட்டாவில் குண்டு கிடையாது. பல குழுக்களில் மஸ்கெட்டுக்கு 80 முதல் 120 கிரெயின் வரை. 100 கிரெயின் என்றால் சுமார் 6.5 கிராம், ஒரு கிலோவில் 150 தோட்டா வரும். வாரக்கடைசிக்கு நாற்பது ஐம்பது தோட்டா போதும். மேல்வரம்பு எவ்வளவு என்று உங்கள் குழு சொல்வதே கடைசிச் சொல்.

மெல்லிய பழுப்புக் காகிதத்தை 16 மி.மீ. மரக்குச்சியில் சுற்றி அடியை மடக்குங்கள். அளவுக் குப்பியில் எடுத்த மருந்தைப் போட்டு வாயை முறுக்குங்கள். ஸ்டேப்ளர் பின், செல்லோடேப் இரண்டும் கூடவே கூடாது. பின் குழலுக்குள் போனால் அது குண்டு. தோட்டா, பைக்குள் இருக்கும் மரக்கட்டைத் துளையில் தாராளமாக உட்கார வேண்டும். சிக்கினால் அவசரத்தில் கிழிந்து பைக்குள் மருந்து சிந்தும். பக்கத்தில் ஒரு பொறி போதும்.

களத்தில் தோட்டாவைக் கிழித்துக் கொஞ்சம் பேன் எனும் (பற்றவைக்கும் துளைக்கு வெளியே உள்ள) சிறு கிண்ணத்தில், ஃபிரிஸனை மூடு, மீதியைக் குழலில், காகிதத்தைக் கீழே போடு. பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் காகிதத்தை உள்ளே திணிப்பதும் கிடையாது, திணிகோலை உருவுவதும் கிடையாது. பதற்றத்தில் கோலை உள்ளேயே விட்டுச் சுட்டவர்கள் வரலாற்றில் உண்டு, அதனால்தான் இந்த விதி. குழல் வாய்க்கு மேல் முகத்தையோ உள்ளங்கையையோ கொண்டுபோகாதீர்கள். கொம்பிலிருந்தோ பெரிய குப்பியிலிருந்தோ நேராக ஊற்றவே கூடாது. உள்ளே கனல் துணுக்கு ஒன்று கிடந்தால் கையிலிருக்கும் முழு மருந்தும் பற்றும்.

பேனை நிரப்பி வழிய விடுவது புதியவர் எல்லாரும் செய்வது. பாதிக்கு மேல் போட்டால் மருந்து துளையை அடைத்துக்கொள்ளும். அப்போது நெருப்பு உள்ளே தாவாமல் திரிபோல மெதுவாக எரிந்து போகும், சுடுதல் தாமதமாகும். மூன்றில் ஒரு பங்கு போதும்.

பேன் மட்டும் எரிந்து குழல் வெடிக்கவில்லை என்றால் குழலை மேலே நோக்கிப் பிடித்தபடியே இருங்கள். கொஞ்ச நேரம் காத்திருந்து, பின் ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, பேனில் மட்டும் மருந்து போட்டு மறுபடி முயலுங்கள். வெடித்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதுவும் வரிசை முழுக்கச் சுடும் இரைச்சலில் அடிக்கடி வரும், இரண்டாவது தோட்டாவை ஊற்றாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தோட்டா ஏறிய துப்பாக்கி நான்காவது முறை பற்றும்போது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கி வரிசைக்குப் பின்னால் போய்விடுங்கள், பாதுகாப்பு அதிகாரி பார்த்துக்கொள்வார்.

துளையிலிருந்து நெருப்பு வலப்பக்கம் பீறிடும். உங்கள் வலப்பக்கத்து ஆளின் முகத்துக்காகப் பேனைச் சுற்றிப் பித்தளைத் தடுப்பு மாட்டுங்கள். ஃபிரிஸன்மேல் தோல் உறை போட்டு வைத்திருந்தால் தவறி விசை அழுந்தினாலும் பொறி வராது. பின் வரிசையில் நிற்பவர் வலதுகாலைச் சற்று வலப்பக்கம் எடுத்துவைத்து, குழல் வாய் முன்னால் நிற்பவர் முகத்தைத் தாண்டும்படி நீட்ட வேண்டும். காதடைப்பான் இல்லாமல் யாரும் வரிசையில் நிற்கக் கூடாது. முன்வரிசைக்காரரின் வலது காதுக்கு மிக அருகில்தான் பின்வரிசையின் குழல் வெடிக்கிறது.

அன்று மாலையே துப்பாக்கியைக் கழுவுங்கள். கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். விசைப்பொறியைக் கழற்றிவிட்டுத் துளையில் குச்சி செருகி, குழலில் கொதிக்கும் நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கொதிநீர் ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே உலரும். பிறகு எண்ணெய்த் துணி.

முன்வரிசை

ஒரு சேர்க்கை. வீட்டிலிருந்து களத்துக்குப் போகும் வழியில் மஸ்கெட் உறையை விட்டு வெளியே வரக் கூடாது, பயனெட்டும் அப்படியே. பெட்ரோல் பங்கில் சிவப்புக் கோட்டோடு இறங்கலாம், துப்பாக்கியோடு இறங்கினால் போலீஸ் வரும்.

வாட்டர்லூ, ஆஸ்டர்லிட்ஸ் எல்லாம் உடனே வேண்டும் என்று மனம் இழுக்கும். பெல்ஜியம், செக் நாட்டுக்குத் துப்பாக்கி எடுத்துப் போக அந்தந்த நாட்டு அனுமதி வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய ஃபயர்ஆர்ம் பாஸ் இல்லை. கருமருந்தை எடுத்துப் போகவே வேண்டாம், நிகழ்ச்சி நடத்துபவர்களே களத்தில் அளந்து கொடுப்பார்கள். குழு மொத்தமாக விண்ணப்பிக்கும், அதற்குப் பல மாதம் முன்பே உங்கள் சான்றிதழ் நகல் கேட்பார்கள். முதல் சீசனை உள்ளூரில் முடியுங்கள். சான்றிதழ் வரும்வரை தண்ணீர் கொண்டுபோகிறவராகவோ, முரசு வரிசையிலோ களத்தில் நிற்கலாம். இரண்டு மணி நேரச் சண்டையில் கம்பளிக் கோட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தண்ணீர்க்காரர் வந்தால்தான் உயிர் வரும். அந்த வேலைக்கு ஆள் எப்போதும் போதாது.